அப்பாவின் பிஸ்டனும் ஒரு மரக் காரும்



போன வாரம் என் மேசை மேல் இருக்கும் மரக் காரின் படத்தை இங்கே போட்டிருந்தேன். "சார், இது என்ன கார்?", "எங்க வாங்கினீங்க?", "ரிட்டயர் ஆனதும் பொம்மை சேர்க்க ஆரம்பிச்சிட்டீங்களா சார்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பெரியம்மா வீட்டுத் தம்பி ஒருவன், "அண்ணே, இது பேரனுக்கா, உனக்கா?" என்று கிண்டல் செய்திருந்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என்னால் ஆகவில்லை. சேர்த்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். என் வகுப்பில் தூங்கியவர்கள் இப்போதும் தூங்கலாம், சாக்பீஸ் எறிய மாட்டேன்.

முதலில் காரின் பெயர். சிசிட்டாலியா 202. இத்தாலி நாட்டில் டூரின் என்ற ஊரில் 1947-லிருந்து 1952 வரை செய்தார்கள். மொத்தமே சுமார் 170 கார்கள்தான். இரண்டு பேர் உட்காரும் பந்தய ரகக் கார். இன்று உலகத்தில் மிச்சம் இருப்பவை ஏலத்துக்கு வந்தால் கோடிக் கணக்கில் விலை போகின்றன. ஒன்று நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியமும் சிற்பமும் வைக்கிற இடத்தில் ஒரு கார்!

2021 கடைசியில் அந்த அருங்காட்சியகத்தில் மோட்டார் வாகனங்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். நம் பள்ளியில் படித்து இப்போது அமெரிக்காவில் இருக்கும் ஒரு மாணவி, குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினாள். சிவப்பு நிறம். நத்தை ஊர்ந்து போவது போல வழவழவென்று ஒரு உடம்பு. "சார், இந்த காருக்குள்ள ஃபியட் இன்ஜினாம். நீங்க அடிக்கடி ஃபியட் ஃபியட்னு சொல்லுவீங்களே, அதான் அனுப்பினேன்" என்று எழுதியிருந்தாள்.

நான் வகுப்பில் ஃபியட் பற்றிச் சொன்னது உண்மைதான். ஏன் சொன்னேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. உறவினர்களுக்குத் தெரியும். மாணவர்களுக்கு இன்று சொல்கிறேன்.

என் அப்பா கார் டிரைவர்.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் 1966 முதல் பதினெட்டு வருஷம் கார் ஓட்டினார். பாலாடை நிறத்தில் ஃபியட் 1100 டிலைட். அந்தக் காலத்தில் கார் என்றால் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இவ்வளவுதான். ஃபியட் இத்தாலிக் கம்பெனி, அதுவும் டூரின் ஊர்க் கம்பெனி. பம்பாயில் குர்லா என்ற இடத்தில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ்காரர்கள் அவர்களிடம் உரிமம் வாங்கி இங்கே செய்தார்கள். அதே கார்தான் பிற்பாடு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. பம்பாயில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடி, 2023 அக்டோபரில்தான் கடைசி வண்டி தெருவை விட்டுப் போனது. பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

கல்வராயன் மலையிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வருவார்கள். பாம்புக்கடி, பிரசவச் சிக்கல், கரடி அடித்தது, இப்படி. அப்பா ஓட்டிய நாளில் கார் கச்சிராயபாளையம் தாண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும். ஆள் இறங்கி வரும்வரை அங்கேயே காத்திருப்பார். மார்கழி இரவாக இருந்தால் இன்ஜினை அணைக்க மாட்டார். குளிரில் சோக் இழுத்தாலும் மறுபடி கிளம்ப நேரம் ஆகும், அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு உயிர் போய்விடும் என்பார். "இத்தாலிக்காரன் இன்ஜின்டா இது. தண்ணியும் ஆயிலும் பார்த்துக்கிட்டா சாவே கிடையாது" என்பது அவருடைய வேதவாக்கு.

ஒரு சமயம் சேலத்தில் ஒரு பட்டறையில் இன்ஜினைப் பிரித்துப் போர் பண்ணினார்கள். புது பிஸ்டன் போட்டார்கள். கழற்றிய பழைய பிஸ்டனில் ஒன்றை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அம்மா திட்டினார். அப்பா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தலைகீழாகக் கவிழ்த்து என் படிப்பு மேசையில் வைத்து, அதற்குள் பேனா பென்சிலைப் போட்டு வைத்தார். என் மேசையில் இன்றும் அதுதான் பேனா ஸ்டாண்டு. என் வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். என்னவென்று கேட்டவர்களிடம் "பழைய இரும்பு" என்று சொல்லியிருக்கிறேன். அது இரும்புகூட இல்லை, அலுமினியம்.

1978-ல் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம். அதில் "விவசாயம்" என்று எழுதினேன். எங்களுக்கு அரைக் காணி நிலம் இருந்தது, அதனால் முழுப் பொய் இல்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விடுதியில் என்னோடு இருந்தவர்கள் எல்லாம் கர்ணம் வீட்டுப் பையன், வாத்தியார் வீட்டுப் பையன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒரு நாள் டாக்டர் அந்த வழியாகப் போகும்போது அப்பா விடுதி வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்தார். காக்கிச் சட்டை. கையில் அம்மா கொடுத்த முறுக்குத் தூக்கு. என் கூட இருந்தவன் "யாருடா அது?" என்று கேட்டான். "எங்க ஊர் டாக்டரோட டிரைவர்" என்றேன். பொய் இல்லை பாருங்கள். ஆனால் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. தூக்கை என் கையில் கொடுத்தார். "அம்மா குடுத்தாங்க. நான் வரேங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னை "டேய்" என்று கூப்பிடும் மனிதர். அன்று "ங்க" போட்டார். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக.

1997-ல் அவர் காலமாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

சரி, காருக்கு வருகிறேன்.

மாணவி அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அந்தக் காரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? யுத்தம் முடிந்த நேரம். இத்தாலியில் எதற்கும் பஞ்சம். பியரோ டூசியோ என்று டூரினில் ஒரு பணக்கார வியாபாரி. யுவெண்டஸ் அணியில் கால்பந்து ஆடியவர், கார்ப் பந்தயத்திலும் ஓட்டியவர். பந்தயக் கார் செய்ய ஆசைப்பட்டார். புதிதாக இன்ஜின் வடிவமைக்க நேரமும் இல்லை, உலோகமும் இல்லை. ஊரில் ஏற்கெனவே நிறைய இருந்த ஃபியட் 1100 உதிரிகளை எடுத்துக்கொண்டார். ஃபியட்டிலேயே வேலை பார்த்த தாந்தே ஜியாகோசா என்ற பொறியாளர் அதற்கு வழி செய்து கொடுத்தார். கார்ப் பிரியர்களுக்கு இன்னொரு செய்தி. பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய என்சோ ஃபெராரி, 1940-ல் தன் பட்டறையில் கட்டிய முதல் காரும் ஃபியட் 1100 உதிரிகளை வைத்துத்தான்.

சிசிட்டாலியாவின் இன்ஜின் அளவு போட்டிருந்தது. சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 75 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர். 1089 சிசி.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பேனாக்களைக் கொட்டிவிட்டு அப்பாவின் பிஸ்டனை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். 6.8 சென்டிமீட்டர்.

ஏழாவது எட்டாவது படித்த என் மாணவர்களே, உருளையின் கன அளவு என்ன? பை ஆர் ஸ்கொயர் எச். ஆரம் 3.4. அதன் வர்க்கம் 11.56. அதை 22/7-ஆல் பெருக்கி, உயரம் 7.5-ஆல் பெருக்கி, நான்கு சிலிண்டருக்கு நான்கால் பெருக்குங்கள். 1090-ஐத் தொட்டு நிற்கும். 22/7 என்பது தோராயம்தானே, அதனால் அரைப் புள்ளி கூட வரும். நம் டிலைட்டுக்கும் பத்மினிக்கும் அதே 68, அதே 75, அதே 1089. ஃபியட் 1937-ல் கொண்டுவந்த இன்ஜினின் வம்சம்தான் இரண்டும்.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. பந்தயத்துக்காக இன்ஜினை மெருகேற்றி ஐம்பது ஐம்பத்தைந்து குதிரைத்திறன் எடுத்தார்கள். நம் வண்டிக்குச் சுமார் நாற்பது. அந்தக் கார் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை போகும். நம்முடையதை அந்த வேகத்தில் ஓட்டினால் டாக்டரையே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான். 1947-ல் இத்தாலியின் ஆயிரம் மைல் பந்தயத்தில் டாசியோ நுவொலாரி என்ற ஐம்பத்து நான்கு வயது ஓட்டுநர் இந்த ரகத்தில் கூரை இல்லாத காரை எடுத்துக்கொண்டு இறங்கினார். கொட்டுகிற மழை. ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிய இன்ஜின் உள்ள கார்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் தண்ணீர் புகுந்து தீப்பொறி தடுமாறியதால் இரண்டாவது இடம். இதைப் படித்தபோது அப்பா மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்ற காட்சிதான் கண்ணில் வந்தது.

அளவிலும் பாருங்கள். பத்மினியின் நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காரும் நான்கு மீட்டர்தான். இன்ஜின் ஒரே வம்சம், நீளம் ஒன்று. பிறகு ஏன் ஒன்று டாக்ஸி, இன்னொன்று அருங்காட்சியகத்தில்?

உடம்பு. அதைச் செய்த கை.

அதற்கு முன்பு பெரும்பாலான கார்களில் இன்ஜின் பெட்டி தனி, சக்கரத்தின் மேல் மட்கார்டு தனி, விளக்கு தனி, எல்லாவற்றையும் சேர்த்து முடுக்கியிருப்பார்கள். சிசிட்டாலியாவின் உடம்பை வடிவமைத்தவர் எல்லாவற்றையும் ஒரே தோல் மூடியது போலச் செய்தார். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அச்சு வார்த்து அடித்ததும் இல்லை. அலுமினியத் தகட்டைத் தொழிலாளர்கள் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தார்கள். 1951-ல் அந்த நியூயார்க் அருங்காட்சியகம் எட்டு கார்களைக் கலைப் பொருளாகக் கருதிக் கண்காட்சி வைத்தபோது இதுவும் ஒன்று. 1972-ல் நிரந்தரமாகவே அங்கு போய்விட்டது.

வடிவமைத்தவர் பெயர் பத்திஸ்தா ஃபாரினா. வீட்டில் பதினோரு பிள்ளைகளில் பத்தாவது. செல்லப் பெயர் "பினின்", நம் ஊரில் சின்னவன், குட்டி என்று கூப்பிடுவது மாதிரி. பன்னிரண்டு வயதில் அண்ணனின் வண்டிப் பட்டறையில் வேலைக்குப் போனவர். பிற்பாடு அவர் புகழ் எவ்வளவு தூரம் போயிற்று என்றால், 1961-ல் அந்நாட்டு ஜனாதிபதியின் அனுமதியோடு அவர் குடும்பப் பெயரே பினின்ஃபாரினா என்று மாறியது.

பன்னிரண்டு வயது என்று படித்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். எனக்கு வேறொரு பன்னிரண்டு வயதுப் பையன் ஞாபகம் வந்துவிட்டான்.

1991 என்று நினைக்கிறேன். சின்னசேலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு. மரச் சிற்ப வேலை செய்யும் வீட்டுப் பையன். கடைசி பெஞ்ச். கணக்குப் பாடத்தில் விகிதம், விகிதசமம் நடத்திக்கொண்டிருந்தேன். பரீட்சையில் அவனுக்கு நூற்றுக்கு எட்டு. விடைத்தாளைக் கொடுக்கும்போது பார்த்தால், பெஞ்சுக்கு அடியில் பிளேடால் ஒரு மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தான். யானைத் தலை. பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன். எறிந்ததோடு விட்டிருக்கலாம். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "உனக்கெல்லாம் கணக்கு ஏறாதுடா. போய் உங்கப்பன் கூட உளி புடி, அதுக்குத்தான் நீ லாயக்கு" என்றேன். வகுப்பு சிரித்தது.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் அழைத்துவருவது எங்கள் வேலை. பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். கல்வராயன் மலையில் வேலை பார்த்த இரண்டு வருஷமும் மலை ஏறி இறங்கிப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறேன். அந்த வீடு பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

உளி பிடிப்பதை ஒரு வசவாகச் சொன்னவன் யார்? ஸ்டியரிங் பிடித்த கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் பரிசு கொடுக்க மரப் பிள்ளையார் வாங்கலாம் என்று சின்னசேலம் பக்கம் போனேன். நம் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு பட்டறைகளுக்குக் கொஞ்சம் மதிப்பு கூடியிருக்கிறது என்றார்கள். ஒரு பட்டறையில் நுழைந்து விலை கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே நடராஜர் திருவாசிக்கு உளி போட்டுக்கொண்டிருந்தவர் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"சார், என்னத் தெரியுதுங்களா?"

"தெரியலப்பா."

"ஏழாம் வகுப்பு சார். கடைசி பெஞ்ச்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவனே ஸ்டூல் எடுத்துப் போட்டு, டீ வாங்கிவரச் சொன்னான். பிள்ளையாருக்குப் பணம் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம். நான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். கிளம்பும்போது என்ன தோன்றியதோ, செல்போனை எடுத்து அந்தச் சிவப்புக் காரின் படத்தைக் காட்டினேன். "இதை மரத்துல செய்ய முடியுமாப்பா?"

வெகு நேரம் பார்த்தான். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"ஒரே கட்டையில எடுக்கணும் சார். ஒட்டுப் போட்டா இந்தக் காரே இல்ல."

அருங்காட்சியகக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை நான் அவனுக்குச் சொல்லவே இல்லை.

மாணவியிடம் சொல்லி முன், பின், பக்கவாட்டுப் படங்கள் வரவழைத்து, ஜெராக்ஸ் கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனேன். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, கூடவே ஒரு தாள் நிறைய அளவு எழுதிக்கொண்டு போனேன். அளவுத்திட்டம் 1:10. உண்மைக் கார் 4 மீட்டர், மாதிரி 40 சென்டிமீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர், இங்கே 24 சென்டிமீட்டர். உயரம் 1.25 மீட்டர், இங்கே 12.5 சென்டிமீட்டர்.

தாளை வாங்கி மரியாதையாக மடித்து வைத்துக்கொண்டான். நாலு மாதம் ஆயிற்று. நடுவில் கோயில் கதவு வேலை வந்துவிட்டது. வாகைக் கட்டையில் முடித்து, சந்தனப் பொட்டு வைத்துக் கொடுத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசியதோடு சரி, பெயிண்ட் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மர ரேகை முன் மூக்கிலிருந்து பின் வால் வரை அறுபடாமல் ஓடுகிறது. மறுபடி படத்தைப் போட்டிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்தேன். பழக்கம் விடாது. அச்சுக்கு அச்சு 24 சென்டிமீட்டர். அரை நூல்கூட வித்தியாசம் இல்லை. அடுத்த முறை பார்த்தபோது, "நான் எழுதிக் குடுத்த கணக்கு உதவியா இருந்துச்சாப்பா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"மொத்த நீளத்த மட்டும் உங்க தாள்ல பார்த்தேன் சார். மத்தது நம்ம வழக்கம்தான். சாமி சிலைக்கு முகத்த ஒரு தாளமா வெச்சுக்குவோம். நவதாளம்னா மொத்த உயரம் ஒம்போது முகம். இதுக்கு முகம் ஏது? சக்கரத்த முகமா வெச்சுக்கிட்டேன். உயரம் ரெண்டு சக்கரம். அச்சுக்கு அச்சு நாலு சக்கரத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஓலைய மடிச்சு மடிச்சுப் பார்த்தா வந்துடும். அப்புறம் சார், கிட்ட நின்னு புடிச்ச படம் அது. முன் சக்கரம் பெருசாத் தெரியுது. அதக் கழிச்சுட்டுத்தான் எடுத்தேன்."

விகிதம், விகிதசமம். நான் கரும்பலகையில் முப்பத்தைந்து வருஷம் எழுதியதை அவன் ஓலையில் மடித்து வைத்திருக்கிறான். அவனுக்கு அது ஏறவில்லை என்று எட்டு மார்க் போட்டேன். அவன் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்த கணக்கை, இதுதான் அது என்று வகுப்பில் அவனுக்குக் காட்டத் தெரியாதவன் நான். ஒரு ஓலையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தால் போதும், அந்தப் பாடத்தை அவனே நடத்தியிருப்பான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். வரவில்லை. கிளம்பும்போது அவனே, "சார், ஒரு உதவி" என்றான்.

"சொல்லுப்பா."

"பொண்ணு ஏழாவது படிக்கிறா. கணக்கு கொஞ்சம் வரல. நீங்க சொல்லிக் குடுக்கணும்." ஒரு நிமிஷம் விட்டு, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "எனக்குச் சொன்ன மாதிரி சொல்லிடாதீங்க சார்."

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் ஒரு சொல்லையும் மறக்கவில்லை. நான்தான் அவன் மறந்திருப்பான் என்று நம்பிக்கொண்டு டீ குடித்தேன். அப்போதுதான் கேட்டேன். பட்டறையில் மற்ற ஆட்கள் இருந்தார்கள். அன்று வகுப்புக்கு முன்னால் சொன்னதை இன்று ஆட்களுக்கு முன்னால் திரும்ப வாங்குவதுதான் முறை என்று தோன்றியது. "நான் சொன்னது தப்புப்பா" என்றேன். "அட விடுங்க சார்" என்று உளியை எடுத்துக்கொண்டான். அவன் விட்டுவிட்டானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகளை மட்டும் சனிக்கிழமை தோறும் அனுப்புகிறான்.

அந்தப் பெண்ணுக்கு நான் முதலில் கொடுத்தது இந்த மரக் காரும் ஒரு ஸ்கேலும்தான். "நீளம் பத்தில் ஒரு பங்கு. அப்படின்னா இந்த மாதிரிக் கார் அடைச்சுக்கிற இடமும் பத்தில் ஒரு பங்கா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்று. ஆக ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த மாதிரி ஆயிரம் கார்களை அடுக்கினால்தான் அந்த ஒரு கார் அளவு. அவள் நம்பவில்லை. காகிதத்தில் சின்னச் சின்னப் பெட்டி மடித்து அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள். மடித்த மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி வைத்தது போல இருந்தது. அப்பன் கை.

இரண்டாவது வாரம் பேனா ஸ்டாண்டைக் காட்டி, "இது என்ன தாத்தா?" என்று கேட்டாள்.

"பிஸ்டன். ஃபியட் கார் பிஸ்டன். எங்கப்பா கார் டிரைவர். அவர் ஓட்டின வண்டியோடது" என்றேன். இவ்வளவு எளிதாக வருகிற ஒரு வாக்கியம். நாற்பத்தைந்து வருஷம் தாமதம். அவளுக்கு அது ஒரு பெரிய செய்தியாகவே படவில்லை. "இதோட கன அளவு போடலாமா?" என்று ஸ்கேலை எடுத்துக்கொண்டாள்.

என் மாணவர்களில் இருபது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கு வராத பிள்ளை இருந்தால் அவன் வீட்டில் என்ன தொழில் செய்கிறார்கள் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். தறி இருக்கலாம், தச்சு இருக்கலாம், கொல்லு இருக்கலாம், லாரி இருக்கலாம். நீங்கள் நடத்துகிற பாடம் அங்கே வேறு பெயரில் இருக்கும். அந்தத் தொழிலின் பெயரை மட்டும் ஒருநாளும் வசவாக எடுத்துவிடாதீர்கள். அது அவன் காதில் எத்தனை வருஷம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கு இப்போது தெரியும்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில்: கார் எனக்குத்தான். பேரனுக்கு வேண்டுமானால் தனியாகச் செய்யச் சொல்லித் தருகிறேன். யாருக்காவது வாசல் கதவு, சாமி சிலை, பூஜை மண்டபம் செய்ய வேண்டியிருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், பட்டறைக்கு வழி சொல்கிறேன். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்
(ஒரு டிரைவரின் மகன்)